சுட்டெரிக்கும் வெயிலில் டேப்லெட் பார்த்துப் படகு ஓட்டுவது: முழுமையான வழிகாட்டி

சித்திரை மாத நடுப்பகல். மண்டபத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாவில், மாமாவின் ஃபைபர் படகு. எஞ்சினுக்கு அருகே புது டேப்லெட்டைக் கட்டிவைத்துவிட்டுப் பெருமையோடு குனிந்து பார்த்தேன். திரையில் வரைபடத்தைக் காணவில்லை. என் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அதற்கு மேலே, கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்த என் முகம் தெரிந்தது. வெளிச்சத்தை முழு அளவுக்கு ஏற்றினேன். சட்டை அசையவில்லை. “தலை சீவவா கொண்டுவந்தாய், மாப்பிள்ளை?” என்றார் மாமா. இருபது நிமிடம் கழித்து டேப்லெட் சூடு தாங்காமல் எச்சரிக்கை காட்டிவிட்டு வேலையை நிறுத்திக்கொண்டது.

அன்று நான் செய்த தவறுகள் எல்லாவற்றையும் பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அவற்றை வரிசைப்படி எழுதுகிறேன். பாதி வேலை கரையிலேயே முடிந்துவிடுவது. செலவும் பெரிதில்லை.

முதலில் கணக்கு

நேர் வெயிலின் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ். அந்த வெயிலில் நிற்கும் ஒரு வெள்ளைத் துணி ஏறத்தாழ 30,000 நிட் பிரகாசத்தில் ஒளிர்கிறது. நிட் என்பது திரைகளின் வெளிச்சத்தை அளக்கும் அதே அலகு. பூச்சு எதுவும் இல்லாத சாதாரணக் கண்ணாடி தன்மீது படும் ஒளியில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 30,000இல் 4 சதவீதம் 1,200 நிட். சாதாரண டேப்லெட்டின் முழு வெளிச்சமே 300 முதல் 500 நிட்தான். ஆக, என் டேப்லெட்டின் மொத்தப் பலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு பலத்தோடு என் சட்டை அதில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அதே வெயிலில் கருநீலச் சட்டை போட்டிருந்தால்? கருந்துணி படும் ஒளியில் ஐந்து சதவீதத்தைத் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பம் 60, 70 நிட்டைத் தாண்டாது. 500 நிட் திரைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் மீதி எல்லாம் அதன் கிளைகள். சூரியனோடு வெளிச்சப் போட்டி போட்டால் தோற்பது உறுதி. கண்ணாடி எதைப் பார்க்கிறது என்பதை நாம் முடிவுசெய்ய முடியும்; வேலை அங்கேதான் இருக்கிறது.

படி 1: டேப்லெட்டைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வெளிச்சத்தைப் பற்றியது அல்ல. உள்ளே ஜிபிஎஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேட்களில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் போடும் வசதியுள்ள வகைகளில்தான் உண்டு. சிம் போடாமலே அந்த ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆண்ட்ராய்டு டேப்லெட்கள் மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால் விவர அட்டையைப் பார்த்தே வாங்க வேண்டும். ஏற்கெனவே வைஃபை டேப்லெட் வாங்கிவிட்டீர்கள் என்றால் புளூடூத்தில் இணையும் தனி ஜிபிஎஸ் கருவி ஒன்று போதும்.

அடுத்துத் திரை. நிட் எண்ணைவிடக் கண்ணாடியின் பூச்சுக்கு மதிப்புக் கொடுங்கள். விலை குறைந்த ஐபேடும் ஐபேட் மினியும் 500 நிட்தான். ஆனால் மினியில் கண்ணாடியும் திரையும் இடைவெளி இல்லாமல் ஒட்டப்பட்டிருக்கின்றன, பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சும் உண்டு. 4 சதவீதம் இருக்க வேண்டிய பிரதிபலிப்பு 1.8 சதவீதமாகிவிடுகிறது. மற்றதில் இரண்டும் இல்லை. எண் ஒன்றுதான், வெயிலில் பார்த்தால் வெவ்வேறு சாதி.

சாம்சங்கின் டேப் ஆக்டிவ் போன்ற முரட்டு வகைகளுக்கு வேறொரு நன்மை இருக்கிறது: தண்ணீர் புகாது, பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். படகில் தனியாக அமைக்கும் வரைபடக் கருவிகள் 1,000 நிட்டுக்கு மேல் ஒளிர்பவை, வெயிலுக்கென்றே செய்யப்பட்டவை. பணம் இருந்தால் அதை வாங்குவதே சரி. இந்தக் கட்டுரை அந்தப் பணம் இல்லாதவர்களுக்கு.

அளவைப் பொறுத்தவரை, திறந்த படகுக்கு 8 அங்குலம் போதும் என்பது என் கட்சி. 10 அங்குலத்துக்கு நிழல் கட்டுவது கடினம், அலையில் அது ஆடும், காற்றும் பிடிக்கும்.

படி 2: இடம் பார்த்தல்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். படகைக் கரையில் கட்டிவைத்தபடியே, நண்பகலில் ஒருமுறையும் மாலை நான்கு மணிக்கு ஒருமுறையும் செய்ய வேண்டிய சோதனை இது.

டேப்லெட்டை அணைத்துவிடுங்கள். அணைந்த திரை ஒரு கருப்புக் கண்ணாடி. நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, வைக்க நினைக்கும் இடத்தில் அதைப் பிடித்துப் பாருங்கள். அதில் என்ன தெரிகிறதோ அதுதான் நாளைக்கு உங்கள் வரைபடத்தை மறைக்கப்போவது. வானம் தெரிகிறதா? மேல்பக்கத்தை உங்களை நோக்கிச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். வானம் மேலே நழுவி மறைந்து, உங்கள் நெஞ்சும் வயிறும் வரும். இன்னும் சாய்த்தால் படகின் தளம் வரும். ஃபைபர் படகுகளின் உட்புறம் பெரும்பாலும் வெள்ளையாகவோ வெளிர்நீலமாகவோ இருக்கும். அதுவும் சட்டையைப் போலத்தான் பளபளக்கும். அங்கே ஒரு கருப்பு ரப்பர் விரிப்பைப் போட்டால் அந்தப் பிரச்சினை ஒழிந்தது. எங்கள் படகில் பழைய மீன் கூடை மூடியிருந்த கருப்புத் தார்ப்பாயை வெட்டிப் போட்டோம். நாற்றம் போக ஒரு வாரம் ஆனது.

திரை முழுவதும் கருமை மட்டுமே தெரியும் சாய்வு கிடைத்ததும் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். படகு திரும்பினால் சூரியன் வேறு பக்கம் வந்துவிடும். ஆகவே தாங்கி உருண்டை மூட்டு உள்ளதாக இருக்கட்டும், ஒரு கையால் தளர்த்தித் திருப்பி இறுக்கும்படி. காலையில் கிழக்கே போகும்போது ஒரு சாய்வு, மதியம் மேற்கே திரும்பும்போது இன்னொரு சாய்வு. இரண்டு நாளில் கை தானாகப் பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: படகில் திசைகாட்டி இருந்தால் டேப்லெட்டை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். டேப்லெட்டிலும் அதன் உறையிலும் தாங்கியிலும் காந்தங்கள் இருக்கும். முள்ளைப் பார்த்தபடியே டேப்லெட்டை மெல்ல அருகில் கொண்டுபோங்கள். முள் எங்கே அசையத் தொடங்குகிறதோ, அதைப்போல இருமடங்கு தள்ளி வையுங்கள்.

படி 3: நிழல் கூடு கட்டுதல்

கடைகளில் விற்கும் திரை மறைப்புகள் பெரும்பாலும் மேசைக்கு ஏற்றவை. நாமே செய்வது நல்லது. செருப்புத் தைப்பவர்களிடம் கிடைக்கும் கருப்பு ஃபோம் தகடு, மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் கனம், ஒரு சதுர மீட்டருக்கும் குறைவாகவே வேண்டும். மேலே ஒன்று, இரு பக்கமும் இரண்டு. கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். 8 அங்குல டேப்லெட்டுக்குக் கூட்டின் நீளம், அதாவது திரையிலிருந்து உங்களை நோக்கி நீள்வது, 15 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. 20 இருந்தால் நலம். அதற்கு மேல் போனால் காற்று அதைப் பாயாக நினைத்துக்கொள்ளும்.

உட்புறம் மங்கிய கருப்பு, வெளிப்புறம் வெள்ளை. உள்ளே கருப்பு எதற்கு என்பது மேலே சொன்ன கணக்கு. வெளியே வெள்ளை, சூட்டைத் திருப்பி அனுப்ப. வெளிப்புறத்தில் வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாம், பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் பின்பக்கத்தை ஒட்டலாம். பேனரைத் தேடி அலைய வேண்டியதில்லை, தேர்தல் முடிந்த ஊரில் அதற்குப் பஞ்சம் கிடையாது. ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ நாடாவால் டேப்லெட் உறையோடு இணையுங்கள், நினைத்தவுடன் கழற்ற வரும். டேப்லெட்டின் முதுகுக்கும் தாங்கிக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். அதன் வழியாகப் போகும் கடற்காற்றுதான் டேப்லெட்டுக்கு விசிறி.

ஒட்டுத் தாளும் பிளாஸ்டிக் பையும்

திரைமேல் ஒட்டும் மினுமினுப்பில்லாத தாளைப் பற்றி எல்லோரும் புகழ்ந்து சொல்வார்கள். நிழலில் அது நல்லது, பிம்பத்தைச் சிதறடிக்கிறது. நேர் வெயில் பட்டால் அந்தச் சிதறலே திரை முழுவதையும் சாம்பல் பூசியதுபோல் ஆக்கிவிடும். கூடு கட்டியவர்களுக்கு ஒட்டுத் தாள் பெரிதாகத் தேவைப்படாது. பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு ஏற்கெனவே உள்ள திரையில் மலிவான தாளை ஒட்டினால் பூச்சின் பயனும் போய்விடும்.

கழுத்தில் தொங்கவிடும் தண்ணீர் புகாப் பையில் டேப்லெட்டைப் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பையின் பிளாஸ்டிக்குக்கு வெளிப்பக்கம் ஒரு பிரதிபலிப்பு, உள்பக்கம் ஒன்று, அதன் பிறகு திரையின் கண்ணாடி ஒன்று. நான்கு சதவீதம் பன்னிரண்டாகிவிட்டது. பை மழைக்கு, அலை தெறிக்கும் நேரத்துக்கு. மற்றபடி வெளியே எடுத்துவிடுங்கள்.

படி 4: கறுப்புக் கண்ணாடியைச் சோதித்தல்

கடல் நீரின் பளபளப்பை வெட்டுவதற்காகப் பலர் போலராய்டு கண்ணாடி அணிகிறார்கள். அது ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளியும் ஒரே தளத்தில் அதிர்வதுதான். இரண்டும் குறுக்கே அமைந்தால் திரை கரிக்கட்டையாகிவிடும். டேப்லெட் பழுதாகிவிட்டது என்று பதறி அடிக்கடி கரைக்குத் திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றச் சொன்னதும் சிக்கல் தீர்ந்தது.

கடைக்குப் போகும்போதே உங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போங்கள். டேப்லெட்டை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பாருங்கள். ஒரு நிலையில் இருண்டு மற்றதில் தெளிவாக இருந்தால், தெளிவான நிலைக்கு ஏற்றபடி தாங்கியைப் பொருத்துங்கள். இரண்டிலும் தெரியும் டேப்லெட் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 5: அமைப்புகளை மாற்றுதல்

இருள் நிறத் தோற்றத்தை அணையுங்கள். வீட்டில் இரவில் கண்ணுக்கு இதமான கருப்புப் பின்னணி, வெயிலில் கண்ணாடியைக் கண்ணாடியாகவே விட்டுவிடும். வெள்ளைப் பின்னணியும் கருப்புக் கோடும்தான் பகலுக்கு உகந்தவை. நீல ஒளி வடிகட்டியும், சூழலுக்கேற்ப நிறம் மாற்றும் வசதியும் வேண்டாம். எழுத்தைத் தடிமனாக்குங்கள். தானியங்கி வெளிச்சத்தை எடுத்தவுடன் அணைத்துவிடாதீர்கள். சில கருவிகள் உச்ச வெளிச்சத்தை அந்த நிலையில் மட்டும்தான் தரும். இரண்டு விதமாகவும் வெயிலில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். திரை தானாக அணையும் நேரத்தை நீக்கிவிடுங்கள்.

வரைபடச் செயலியில் பகல் நிறங்களைத் தேர்ந்தெடுத்து, பாதைக் கோட்டைத் தடிமனாக்கி, கடைகள், படகுத்துறைப் படங்கள் போன்ற அலங்காரங்களை அணைத்துவிடலாம். ஆழ எண்களையும் பாறைக் குறிகளையும் மட்டும் தொடாதீர்கள். தெரியவில்லை என்று வரைபடத்தைத் தூரமாக்கிப் பார்க்கும் பழக்கமும் ஆபத்து. மின்னணு வரைபடங்கள் தூரக் காட்சியில் சிறு திட்டுகளை மறைத்துவிடும்.

படி 6: சூட்டிலிருந்து காப்பாற்றுதல்

ஐபேடை 35 பாகை செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தலாம் என்கிறது ஆப்பிள். நம் கடலோரத்தின் சித்திரை, வைகாசிக் காற்றே அதைத் தொட்டுவிடும். வெயிலில் கிடக்கும் கருப்புக் கண்ணாடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சூடேறும்போது முதலில் திரை மங்கும், பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும், அதன்பின் எச்சரிக்கையோடு முடங்கும். திரை மங்குவதைக் கண்டதும் பலர் வெளிச்சத்தை ஏற்றப் பார்க்கிறார்கள். அது எரியும் அடுப்பில் விறகு வைப்பது.

மங்கியதும் சார்ஜரைக் கழற்றி, தடித்த உறையை நீக்கி, நிழலில் காற்றுபடும்படி வையுங்கள். ஐஸ் பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மீன்பிடிப் படகில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் யோசனை தானாக வரும். குளிர்ந்த கருவியை வெளியே எடுத்ததும் ஈரக்காற்று உள்ளே நீராகப் படியும்.

சூட்டைக் குறைக்கச் சிறந்த வழி எரிசக்தியைச் சேமிப்பது. விமானப் பயன்முறையில் போட்டாலும் இன்றைய டேப்லெட்களில் ஜிபிஎஸ் ஓடும். சிக்னல் இல்லாத கடலில் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியும் தீரும், சூடும் ஏறும்.

படி 7: மின்சாரம்

முழு வெளிச்சத்தில் ஜிபிஎஸ்ஸும் ஓடினால் விளம்பரத்தில் சொல்லும் பத்து மணி நேரத்தில் பாதி கிடைத்தாலே பெரிது. கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சின் உள்ள படகில் பேட்டரியே இருக்காது, பவர் பேங்க்தான் துணை. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருப்பது 74 வாட் மணி. இழப்பு போக அதில் மூன்றில் இரண்டு பங்கு கையில் நிற்கும். 28 வாட் மணி கொள்ளும் 10 அங்குல ஐபேடுக்கு அது ஒன்றேமுக்கால் முறை. காலையில் வெயில் ஏறுமுன் ஏற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். 12 வோல்ட் பேட்டரி உள்ள படகில் கம்பியை நேராகப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து எடுங்கள். எஞ்சினைக் கிளப்பும் நொடியில் சார்ஜரைக் கழற்றி வைப்பது நல்லது.

படி 8: தண்ணீர்

தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி68 என்ற சான்று நன்னீரில் சோதித்துத் தருவது. உப்புநீர் சார்ஜ் துளையை அரிக்கும். அதைவிடத் தொல்லை, திரையில் தெறிக்கும் துளிகள்: உப்புத் துளியை விரல் என்று நினைத்துக்கொண்டு வரைபடம் தானாக ஓடும், பெரிதாகும், குறித்த புள்ளி அழிந்தும் போகும். தொடுதிரையைப் பூட்டும் வசதி இருந்தால் ஓடும்போது பூட்டிவிடுங்கள். ஒரு பாட்டில் நன்னீரும் பருத்தித் துணியும் பக்கத்தில் இருக்கட்டும். காய்ந்த உப்பைத் துணியால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும், முதலில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும்.

படி 9: வரைபடமும் புள்ளிகளும்

நேவியோனிக்ஸ் பணம் கட்டும் செயலி. ஓப்பன்சிபிஎன் திறந்த மூல நிரல், பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எதுவானாலும் போகும் பகுதியின் வரைபடத்தைக் கரையில் இணையம் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். பிறகு விமானப் பயன்முறையில் போட்டுத் திறந்து பாருங்கள். வெற்று நீலம் மட்டும் தெரிந்தால் இறங்கவில்லை என்று பொருள். ஜிபிஎஸ்ஸையும் கரையிலேயே விழிக்க வையுங்கள். இணைய உதவி இல்லாமல் முதல் இடத்தைக் கண்டுபிடிக்க அது பல நிமிடம் எடுத்துக்கொள்ளலாம்.

புள்ளிகளை ஏற்றும்போது நடக்கும் ஒரு தவறை எத்தனை முறை சொன்னாலும் தகும். பழைய கைக்கருவியில் 9°18.55' என்று இருக்கிறது. அதாவது 9 பாகைக்கு மேல் 18 கலையும் (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அதன் மேல் கலையின் நூறில் 55 பங்கும். செயலி விகலைக் கணக்கில் (விகலை என்பது கலையில் அறுபதில் ஒரு பங்கு) இருந்தால் அதையே 9°18'55" என்று அடித்துவிடுகிறோம். 0.55 கலை என்பது 33 விகலைதான். 22 விகலை பிசகிவிட்டது. அட்சரேகையில் ஒரு கலை 1,852 மீட்டர் என்பதால் பிசகு கிட்டத்தட்ட 680 மீட்டர். வலை போட்ட இடம் கிடைக்காது என்பது சிறிய நட்டம்.

பெரிய நட்டம் எல்லைக்கோட்டில். 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் வகுத்த கடல் எல்லை கண்ணுக்குத் தெரியாதது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான், அதற்குள்தான் கோடு. செயலியில் அதை வரைந்துவைத்து, இரண்டு கடல் மைல் முன்பாகவே எச்சரிக்கை ஒலிக்கும்படி அமையுங்கள். எட்டு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு எட்டுக் கடல் மைல் ஓடும்போது, அது 15 நிமிட அவகாசம். எஞ்சின் இரைச்சலில் டேப்லெட்டின் குரல் கேட்காது, ஆகவே ஒலியை நம்பித் திரையைப் பார்ப்பதை விட்டுவிட முடியாது.

ஆதம் பாலத்தைச் சுற்றியுள்ள மணல் திட்டுகள் இடம் மாறுபவை. வரைபடத்தில் நீலமாக இருப்பது அங்கே முழங்கால் தண்ணீராக இருக்கலாம். அந்தப் பகுதியில் டேப்லெட்டைவிட நீரின் நிறத்தையும் படகின் முன்முனையான அணியத்தில் நிற்பவரின் கண்ணையும் நம்புங்கள்.

படி 10: டேப்லெட் இறந்துபோனால்

ஒருநாள் போகத்தான் போகிறது. பழைய கைக்கருவி ஜிபிஎஸ்ஸை விற்றுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றின் திரை வெயிலைத் தானே வாங்கித் திருப்பி ஒளிர்வது. வெயில் ஏற ஏறத் தெளிவு கூடும். பொத்தான்கள் இருப்பதால் ஈரக் கைக்கும் அஞ்சாது. முக்கியப் புள்ளிகளை அதிலும் வையுங்கள், ஒரு தாளில் எழுதி நெகிழி உறையிலும் வையுங்கள். வீடு திரும்பும் திசைக்கு ஒரு திசைகாட்டி. இராமேசுவரம் பக்கத்துக்காரர்களுக்கு 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் இருக்கிறது. தெளிவான நாளில் எந்தத் திரையும் இல்லாமலே கரையைச் சொல்லிவிடும். ஆபத்தில் உதவி கேட்க விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் அலைவரிசை, கைபேசி எடுக்கும் தூரத்தில் கடலோரக் காவல் படையின் 1554. இரண்டையும் படகிலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

முதல் பயணம்

புது அமைப்போடு நேராகத் தொலைவுக்குப் போகாதீர்கள். கரை கண்ணில் தெரியும் தூரத்தில், பதினொன்று முதல் இரண்டு மணி வரை, நன்றாகத் தெரிந்த ஓர் இடத்துக்குப் போய்த் திரும்புங்கள். நான்கு திசையிலும் பத்து நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு திசையிலும் ஓர் ஆழ எண்ணைக் குனியாமல் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாத திசையில் கூட்டின் அந்தப் பக்கத்தை இரண்டு விரல் நீட்டுங்கள். எங்களுக்கு மேற்குத் திசையில்தான் இடித்தது. வலப்பக்கத் தகட்டை மாற்றியதும் சரியாகிவிட்டது. அன்று மாமா தானே குனிந்து பார்த்து, “ஆழம் ஏழு பாகம் காட்டுகிறது” என்றார். பழைய கயிற்றுக் குண்டை இறக்கியும் பார்த்தார். ஏழுதான் இருந்தது. கயிற்றைச் சுருட்டி அதே இடத்தில் வைத்துக்கொண்டார்.